பன்னிரண்டாயிரம் பேர்

இரவு ஒன்றே முக்கால்.
திபிலீசி, வங்கியின் ஆறாம் மாடி.
சுவரோரம் வெப்பக்குழாய்
ஒருமுறை இருமி அடங்குகிறது.
பன்னிரண்டாயிரம் பேரை
ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

முகமில்லை, பசியில்லை,
கணக்கு எண் மட்டும் உண்டு.
ஆளுக்கு ஐநூறு லாரி,
யாரும் சம்பாதிக்காத பணம்.
பணம் அனுப்புமுன்
மூன்று விநாடி தயங்குவார்கள்.
அந்தத் தயக்கத்தையும் நான்தான் எழுதினேன்.

வாஷா சிரித்தான்.
"மூன்று விநாடியில் யோசித்து முடிக்கிற ஆளை
இந்த ஊரில் எங்கே பார்த்தாய், தாம்த்தா?"

சரிதான்.
சிலருக்கு நாற்பது விநாடி கொடுத்தேன்.
ஒரு நூறு பேரை
பாதியில் மனம் மாறித் திரும்பச் சொன்னேன்.
இருநூறு பேருக்குக் கடவுச்சொல் மறந்துபோகும்.
ஒருவன் மட்டும், ஏனோ,
ஒரே பொத்தானை
ஏழு தடவை அழுத்துவான்.

போன டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஆறரை.
சந்தையில்
தேனும் வாதுமைக்கொட்டையும் அணைத்துக்கொண்டு
ஊரே கைபேசியை உற்றுப் பார்த்து நின்றது.
திரையில் வட்டம் சுழன்றது,
சுழன்றுகொண்டே இருந்தது.
எதிர்வீட்டு ம்ஸெவினாருக்கு
ஒரு பன்றிக்குட்டிக்கு இரண்டுமுறை காசு பிடித்தோம்.
திருப்பிக் கொடுக்கப் பதினோரு நாள்.
அன்றிலிருந்து
மின்தூக்கியில் நான் நிற்பதைக் கண்டால்
படியேறிப் போகிறார்.

தொடங்கு.

நாலாயிரம் பேர்: கால் விநாடியில் பதில்.
ஏழாயிரம்: வாஷா கொட்டாவி விடுகிறான்.
ஒன்பதாயிரத்து நூறில்
படுத்துக் கிடந்த கோடு
சீண்டிய பாம்பாய் எழுந்து நின்றது.

செயலியைப் பார்த்தேன், சும்மா இருக்கிறது.
நினைவகம் பாதி காலி.
வலையமைப்பு தூங்குகிறது.
யாருக்கும் வேலையில்லை,
ஆனாலும் யாரும் நகரவில்லை.

மூன்று இருபதுக்குப் பிடிபட்டது.
அட்டவணையில் ஒற்றை வரி.
வங்கியின் கமிஷன் கணக்கு.
யார் யாருக்கு அனுப்பினாலும்
ஆறு தெத்ரி அங்கே வந்து விழவேண்டும்.
ஒருவர் காசு போட்டுக் கதவைத் திறக்கும்வரை
அடுத்தவர் வெளியே.
அவருக்குப் பின்னால் இன்னொருவர்.
அவருக்குப் பின்னால் ஒன்பதாயிரம்.
சிறுதுளி பெருவெள்ளம் என்பார்களே,
இங்கே அந்தத் துளி விழும் இடத்தில்தான்
வெள்ளம் முட்டி நின்றுவிட்டது.

அப்படியென்றால் போன வருஷம்
ஒரு நகரத்தின் புத்தாண்டு
எங்கள் உண்டியல் வாயில் சிக்கிக் கிடந்திருக்கிறது.

வாஷா ஒரு வரியை
அறுபத்துநான்காய்ப் பிரித்தான்.
இரவில் கூட்டிக்கொள்ளலாம்.
மேலாளர் இனேஸாவைத் தொலைபேசியில் எழுப்பினோம்.
முழுவதும் கேட்டாள்.
கொஞ்சம் மௌனம். பிறகு,
"கமிஷன் குறையாதே?"

ஐந்தரைக்கு மறுபடி.
ஒன்பதாயிரம், பத்து, பன்னிரண்டு.
கோடு எழவில்லை.
ஏழு தடவை அழுத்தியவனுக்கும்
ஒரே ஒரு தடவைதான் காசு போயிருந்தது.
அதைச் சரிபார்த்தபோது மட்டும்
கை லேசாக நடுங்கியது.

பிறகு அழித்தேன்.
பன்னிரண்டாயிரம் பேர்,
அறுபது லட்சம் லாரி,
நாற்பது விநாடித் தயக்கங்கள்.
கோப்பு காலியாக எடுத்த நேரம்
இரண்டு விநாடிகூட இல்லை.

வீட்டுக்கு வந்தேன். விடியவில்லை.
மின்தூக்கி வாசலில் ம்ஸெவினார்,
கோட்டுப் பைகளைத் துழாவிக்கொண்டு.
எங்கள் கட்டடத்து மின்தூக்கி பழையது,
உள்ளே பெட்டியில்
பத்துத் தெத்ரி போட்டால்தான் ஏறும்.
அவரிடம் நாணயமில்லை.
என்னிடம் மூன்று அட்டைகளும் ஒரு கைபேசியும்.

பார்த்தார்.
பையிலிருந்த உருளைக்கிழங்கில் பாதியை
ஒன்றும் பேசாமல் என் கையில் மாற்றினார்.

எட்டு மாடி.
ஐந்தாவதில் நின்று மூச்சு வாங்கினோம்.
"இந்த வருஷமாவது?" என்றார்.

தயங்கினேன்.
மூன்று விநாடிக்கு மேலேயே இருக்கும்.